அப்பாவின் மொட்டை வண்டி

திரியெஸ்தே
6 நவம்பர் 1983

அன்புள்ள மொட்டை அண்ணா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. ராணுவத்தில் துப்பாக்கி தருவார்கள் என்று நினைத்தேன், முதலில் தலைமுடியைத்தான் வாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், பிறகு சமையலறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஒன்றும் சொல்லாமல் மாட்டினார் என்பதையும் எழுதச் சொன்னது அம்மா.

"வீடு பத்தி எரிஞ்சா மட்டும் எழுது, உன் கோமாளித்தனத்தைப் படிக்க எனக்கு நேரமில்லை" என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனாய். வீடு எரியவில்லை. ஆனால் புகைகிறது. அப்பா உன் கூப்பேயை, நீ தட்டி நிமிர்த்திய தகரக் கூரைக் காரை, கொடுத்துவிட்டு ஒரு ஸ்பைடர் வாங்கப் போகிறார்.

ஆமாம், கூரை இல்லாத வண்டி. கித்தான் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேல் ஆகாயம்தான். மொட்டைத் தலையனுக்கு மொட்டை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். ஆனாலும் இது மொட்டைக் கடிதம் இல்லை, கீழே கையெழுத்து இருக்கிறது.

வண்டி பல் டாக்டர் சான்சினுடையது. அவருக்கு அதில் போய்ப் போய் காதுவலி. பல் டாக்டர் காது டாக்டரிடம் போனாராம், அவர் "கூரை உள்ள வண்டி வாங்குங்க" என்று மருந்துச் சீட்டில் எழுதாத குறை. அவருக்கு நம் கூப்பே வேண்டும், அப்பாவுக்கு அவருடைய ஸ்பைடர் வேண்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்துவிட்டார்கள். போரா காற்று ஸ்கூட்டரையே தூக்கிக் கடலில் போடுகிற ஊரில் திறந்த வண்டி! அம்மா, "இந்த வயசுல யாருக்குத் தலை சீவிக் காட்டப் போறாராம்" என்று கேட்கிறாள். என்னிடம், அவரிடம் இல்லை.

மற்றபடி அப்பா ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறார். லிஃப்டில் ஏறுவதில்லை, நான்காவது மாடிக்குப் படியேறித்தான் வருகிறார், இதயத்துக்கு நல்லதாம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார். அம்மா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தூங்குகிறாள். துறைமுகத்தில் கிரேன் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது கீழே நின்று காப்பி மூட்டை பார்க்கிறார். உச்சியில் உட்கார்ந்திருந்த மனுஷன், இறங்குமுகம்.

உன் கூப்பேயைத் தினமும் ஷெட்டுக்குப் போய்த் துடைக்கிறார். இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு துடைப்பார். உள்ளே உட்காருவதில்லை. பாலிஷ் போய்விடும் என்று பயமோ என்னவோ.

கோபப்படாதே. பட்டாலும் எழுது.

உன் வாலு,
நெரினா


குனேயோ முகாம்
14 நவம்பர்

வாலுக்கு,

கோபப்படாதே என்று கடைசி வரியில் எழுதினால் போதுமா? உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நின்று படித்தேன். தட்டில் என்ன விழுந்தது என்றே தெரியவில்லை.

உனக்குச் சில விஷயம் சொல்கிறேன், கிண்டல் செய்யாமல் படி. ஜனவரியில் கார்ஸ்ட் மலைப் பாதையில் பனியில் வழுக்கி அந்தக் கூப்பேயைப் பள்ளத்தில் உருட்டியவன் நான். அப்பா பக்கத்துச் சீட்டில். வண்டி மூன்று முறையோ நான்கு முறையோ புரண்டு தலைகீழாக நின்றது. கூரை அமுங்கியது, ஆனால் விடவில்லை. அப்பா தலைக்கும் தகரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிதான் இன்றைக்கு நம் வீட்டில் படியேறி வருகிறது.

ஸ்பைடராக இருந்திருந்தால்? மேலே ஒரு கித்தான் துணி, முன்கண்ணாடிச் சட்டம், அவ்வளவுதான். நான் டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்தவன். கவிழ்ந்த ஸ்பைடர்கள் எங்களிடம் எப்படி வரும் என்று பார்த்திருக்கிறேன், உனக்கு எழுத மாட்டேன். கவிழாவிட்டாலும் அது ஒழுங்கான வண்டி இல்லை. கூரைதான் வண்டியின் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் கல்லும் குழியுமான ரோட்டில் உடம்பே முறுக்கிக்கொள்ளும், கதவு தாளம் போடும். மழைக்கு ஒழுகும், திருடன் பிளேடால் கிழிப்பான்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டி என்ன ஆச்சு?" என்னைத் திட்டவில்லை, ஆள் கூட்டி வருகிறேன் என்று விட்டுவிட்டு ஓடினாயே என்று கேட்கவில்லை. வண்டி என்ன ஆச்சு. அதனால்தான் கோடைகாலம் பூராவும் அதோடு கிடந்தேன். நீங்களெல்லாம் கடற்கரை நடைபாதையில் துண்டு விரித்துப் படுத்திருந்தபோது நான் அந்தக் கூரையை உள்ளிருந்து அடித்து அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நிமிர்த்தி, பூசி, பழைய பச்சை நிறத்தைத் தேடிப் பிடித்து அடித்து, சாவியை மேஜையில் வைத்தேன். அப்பா "ம்" என்றார். இப்போது காதுவலி டாக்டரிடம் கொடுக்கிறார். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. மன்னிக்கவில்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கிறாரா? மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலி ஏதாவது சொல்கிறாரா? கவனி.

ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குவார்? நீ ஊரையே ஏமாற்றுகிறவள், ஒரு தடவை எனக்காகச் செய். ஸ்பைடரில் கூரையை முன்கண்ணாடியோடு பிடித்திருப்பது இரண்டு கொக்கி, வெயில் மறைப்புக்குப் பின்னால் இருக்கும். மெல்லிய கறுப்புக் கம்பியால் அதைச் சுற்றி முறுக்கிவிடு. கூரை திறக்காது. சரியாக வேலை செய்யாத சாமானை அப்பா கையால் தொடமாட்டார் என்று உனக்கே தெரியும். டோஸ்டரை ஜன்னல் வழியே போட்டவர்தானே.

ஃபுல்வியோ


திரியெஸ்தே
26 நவம்பர், சனி

மேன்மை தங்கிய தளபதிக்கு,

கட்டளை நிறைவேற்றப்பட்டது.

டாக்டர் சான்சின் தன் வண்டியை நம் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை பூராவும் அப்பா ஓட்டிப் பார்க்கட்டுமாம். சிவப்பு வண்டி. உள்ளதைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. உன் கூப்பே பக்கத்தில் நின்றால் பாதிரியார் மாதிரி இருக்கும்.

என் அதிர்ஷ்டம், நாளைக்குப் போரா வருகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். தெரு முழுக்க ஆள்கள் கம்பியும் குறடுமாக அலைகிறார்கள். மூன்றாம் மாடிக்காரர் பூந்தொட்டியைக் கம்பியால் கட்டுகிறார், ரொட்டிக் கடைக்காரர் பெயர்ப் பலகையைக் கட்டுகிறார், எதிர் வீட்டம்மாள் குப்பைத் தொட்டியைக் கட்டுகிறாள், விட்டால் புருஷனையும் கட்டிவிடுவாள். நடுவே நானும் ஒரு கம்பிச் சுருளோடு போனேன். ஒருவர் "என்னம்மா, அப்பாவோட வண்டியா? நல்லா இறுக்கிக் கட்டு" என்று குறடு கடன் கொடுத்தார். ஊரே எனக்கு உடந்தை.

இரண்டு கொக்கியும் இனி சிங்கம் வந்து இழுத்தாலும் வராது. நாளைக்கு அவரோடு நானும் போகிறேன். கூரை திறக்காதபோது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

நெரினா


திரியெஸ்தே
28 நவம்பர்

அண்ணா,

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை எழுதிய கடிதம் உனக்கு இதற்கு முன்னாலேயே வந்திருக்கும். அதை மறுபடி படிக்காதே.

கிளம்பும்போது அம்மா பால்கனியில் நின்று, இந்தக் காற்றில் திறந்தால் பெண்ணுக்குச் சளி பிடிக்கும் என்று கத்தினாள். அதனால் மூடியபடியே போனோம். ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். ஸ்டீயரிங் ஈரமாக இருந்தது. நான் மழைத்துளி என்று நினைத்தேன்.

கடலோரமாகப் போவார் என்று பார்த்தால் மலைக்கு அடியில் போகிற சுரங்கப் பாதைப் பக்கம் திருப்பினார். ஜனவரியிலிருந்து அவர் அந்தப் பக்கமே போவதில்லை, மலையைச் சுற்றித்தான் போவார், நானும் அம்மாவும் கவனித்ததே இல்லை. சுரங்க வாயிலில் சிக்னலில் நிறுத்தி என்னிடம், "உன் பக்கம் இருக்கற கொக்கியை இழும்மா, திறந்துக்கிட்டே போயிடலாம். திறந்த வண்டின்னா சுரங்கம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. நான் இழுக்கிற மாதிரி நடித்தேன். "இறுகியிருக்குப்பா" என்றேன். அவர் தன் பக்கத்தை இழுத்துப் பார்த்தார். பின்னால் ஹாரன். உள்ளே போய்விட்டோம்.

பாதியில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. வெளியே ஒரு லாரியின் தார்ப்பாயைக் காற்று கிழித்துப் பாதையை அடைத்துவிட்டதாம். அப்பா எஞ்சினை நிறுத்தினார். கூரையையே பார்த்தார். வாயால் மூச்சு விட்டார். கதவைத் திறக்கப் பார்த்தார், இடித்துக்கொண்டு ஒரு பஸ் நின்றது, திறக்கவில்லை. என் பக்கம் சுவர். நான் கம்பியைப் பிரிக்கப் போனேன். குறடால் முறுக்கியதை விரலால் பிரிக்க முடியாது அண்ணா. நகம் பிய்ந்தது. "அப்பா, இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார், காப்பி மூட்டையைக் கீறிப் பார்ப்பாரே, அதை. ஒரே இழுப்பு. கித்தான் கிழிகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிழித்த இடத்தில் தலையை நுழைத்து, சீட்டின் மேல் ஏறி நின்றார். இடுப்பு வரை வெளியே. பஸ்ஸிலிருந்த பையன்கள் கைதட்டினார்கள். நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன்.

வெளியே வந்ததும் ஓரமாக நிறுத்தினார். காற்று அந்தக் கிழிசல் வழியே புகுந்து ஊளையிட்டது. அப்போதுதான் சொன்னார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, உடைந்த கண்ணாடி வழியே அவருக்கு உன் கால்தான் தெரிந்ததாம், நீ பனிமூட்டத்துக்குள் ஓடுவது.

"தலைகீழா ஓடினான்டி. பனிக்குள்ள போயிட்டான். வழி தெரியாம எங்கயாவது விழுந்து கிடப்பான்னு நினைச்சேன். பெல்ட்டும் வரல, கதவும் வரல. மேல தகரம். வெளிய வந்திருந்தா அவன் பின்னாடி போயிருப்பேன்."

அதிலிருந்து கூரை என்று ஒன்று தலைக்கு மேல் வந்தால் அவருக்கு மறுபடி நீ ஓடுகிறாயாம். லிஃப்ட்டிலும். கிரேன் கூண்டிலும். நீ நிமிர்த்தின வண்டியில் மூன்று தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல். முடியவில்லை. "அவன் கையால பண்ணது. உக்கார முடியலன்னு எப்படிடா எழுதறது?" என்று உன்னிடம் கேட்கிற மாதிரியே என்னிடம் கேட்டார்.

கம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கம்பி எல்லார் கண்ணிலும் பட்டது. டாக்டர் சான்சின், "ஐயோ, போராவுக்குன்னு என் வீட்டுக்காரி கட்டியிருப்பா, எல்லாத்தையும் கட்டறவ" என்று அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது எனக்கே பயமாக இருக்கிறது.

என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

நெரினா


குனேயோ
5 டிசம்பர்

நெரினா,

உன் விரல் எப்படி இருக்கிறது?

இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கையில் கொடுத்தார்கள். சனிக்கிழமைக் கடிதத்தை முதலில் பிரித்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரனுக்கும் படித்துக் காட்டினேன்.

அவரை அங்கே விட்டுவிட்டு நான் ஓடினதை அவர் மன்னிக்கவில்லை என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஓடினது உண்மை. வழி தவறினதும் உண்மை. அவர் நினைத்த மாதிரியே விழுந்தேன், வேலியில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு விவசாயி வீட்டு நாய் குரைத்ததால்தான் பாதை தெரிந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அவ்வளவு நேரம் ஏன் ஆச்சு என்பதற்குச் சாக்கு மாதிரி இருக்கும். அவர் அங்கே தொங்கிக்கொண்டு எனக்காகப் பயந்திருக்கிறார். நான் அவர் தலைக்கு மேல் அதே தகரத்தை நிமிர்த்தி, பச்சை அடித்து, பரிசு மாதிரிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

கம்பியை அப்பாவிடம் சொல்லிவிடு. நான் சொல்லித்தான் செய்தாய் என்று சொல். டாக்டர் பெண்டாட்டி தலையில் விடாதே. நானே எழுதலாம், அப்பாவுக்கு என்று நான்கு தாள் எடுத்து நான்கையும் கிழித்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் முகாமில் கூடாரம் கிழிந்தால் தைக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. தகரம் தட்டினவன் கை என்பதால் ஊசி கொடுத்துவிட்டார்கள். கிழிசலின் நீளத்தை அளந்து அனுப்பு. முன்னாலிருந்து எவ்வளவு தள்ளி, நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்றும் எழுது.

அவர் இப்போது தூங்குகிறாரா?

ஃபுல்வியோ


திரியெஸ்தே
11 டிசம்பர்

அண்ணா,

விரல் தேவலை. பல்தான் போச்சு. சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கம்பி, குறடு, உன் யோசனை, நான் இழுக்கிற மாதிரி நடித்தது, எல்லாம். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். அப்பா, "டாக்டர்கிட்ட போய் நீயே சொல்லிட்டு வா" என்றார். போனேன். டாக்டர் நாற்காலியைக் காட்டி, "வந்ததே வந்தே, வாயைத் திற" என்றார். சொத்தைப் பல் ஒன்று இருந்ததாம். மயக்க மருந்து கொஞ்சம் குறைவாகத்தான் போட்டார் என்பது என் சந்தேகம். வாயால் பேசிப் பிழைக்கிறவளுக்கு வாயிலேயே தண்டனை.

உன்னைப் பற்றி அப்பா திட்டவில்லை. வேலியில் மாட்டிக்கொண்டதைப் படித்துக் காட்டினேன், மறுபடி படிக்கச் சொன்னார். "வண்டி என்ன ஆச்சுன்னு ஏன் கேட்டீங்க?" என்று நான்தான் கேட்டேன். "அவன் முழுசா முன்னாடி நிக்கறான். வேற என்ன கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

வண்டி மாற்றம் முடிந்துவிட்டது. கூப்பே டாக்டரிடம். உனக்கு வலிக்கும் என்று தெரியும், ஆனால் ஒன்று கேள். கொடுப்பதற்கு முன்னால் அப்பா அதில் ஏறி உட்கார்ந்தார், கதவு இரண்டும் திறந்துதான் இருந்தது, நான் வாசலிலேயே நின்றேன். கையை உயர்த்திக் கூரையை விரல் முட்டியால் தட்டினார், நீ தகரத்தைத் தட்டிப் பார்ப்பாயே, அப்படி. "எங்க அடி பட்டுதுன்னே தெரியல. நல்லா நிமித்தியிருக்கான்" என்றார். பிறகு வேகமாக இறங்கிவிட்டார். வியர்த்திருந்தது. டாக்டரிடம் சாவியைக் கொடுக்கும்போது, "கவுந்தாலும் காப்பாத்தும் சார்" என்றார். டாக்டர் பயந்துவிட்டார்.

ஸ்பைடரின் கிழிசல் மேல் அம்மா சாப்பாட்டு மேஜையின் ரப்பர் விரிப்பை ஒட்டினாள். திங்கட்கிழமை போரா அதைக் கொண்டுபோய்விட்டது. நம் மேஜைவிரிப்பு இப்போது கடலுக்கு அக்கரையில் யார் வீட்டுத் தோட்டத்திலோ சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. அப்பா மேலே ஓட்டையோடு வேலைக்குப் போகிறார், கம்பளித் தொப்பி, காதுமூடி. துறைமுகத்தில் அவரைப் புகைபோக்கி என்று கூப்பிடுகிறார்களாம்.

இரண்டு பக்கமும் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எழுதினது மனசை விட்டுப் போகவில்லை, ஒரு துணியும் சட்டமும்தானே அவர் தலைக்கு மேல். அவர் வரத் தாமதமானால் ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். ஆனால் கூரை போட்டால் உள்ளே அவர் அவராகவே இல்லை.

தூங்குகிறாரா என்று கேட்டாய். கொஞ்சம்.

அளவு தனித் தாளில். கோணல்தான், வலமிருந்து இடமாகச் சரிகிறது.

நெரினா


குனேயோ
17 டிசம்பர்

அன்பு வாலு,

கிறிஸ்துமஸுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். 23ஆம் தேதி சாயங்கால ரயில்.

கித்தான் துண்டு தயார். கூடாரக் கித்தான்தான், நிறம் மட்டும் ராணுவப் பச்சை, சிவப்பு வண்டிக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். அவர் கிழித்த கோணலிலேயே ஒரு ஜிப் வைத்துத் தைத்திருக்கிறேன், நீளமானது, கூடார வாசலுக்குப் போடுவது. வெளியிலிருந்து திறக்காது. உள்ளே ஓட்டுநர் தலைக்கு நேராக ஒரு பித்தளை வளையம். ஒரு விரலை மாட்டி இழுத்தால் போதும், கம்பியால் கட்டினாலும், கொக்கி துருப்பிடித்தாலும், பஸ் இடித்துக்கொண்டு நின்றாலும் ஆகாயம் வந்துவிடும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருநூறு தடவையாவது இழுத்துப் பார்த்திருப்பேன். பக்கத்துக் கட்டில்காரன் பூட்ஸை எறிந்தான்.

இது போதுமா என்று தெரியவில்லை. கவிழ்ந்தால் இது காப்பாற்றாது. சாமான் வைக்கிற இடத்தில் ஒரு இரும்பு வளைவு வைக்கலாம், தலைக்குப் பின்னால், மேலே மூடாது, ஆனால் தாங்கும். பட்டறையில் கேட்டு வளைத்துத் தருகிறேன், அப்பா சம்மதித்தால். சம்மதிப்பாரா? கேட்டுப் பார், நேராகக் கேட்காதே, உன் வழியில் கேள்.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். பஸ்ஸில் வந்துவிடுவேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி அது வந்துவிட்டால்?

ஃபுல்வியோ


திரியெஸ்தே
20 டிசம்பர்

அண்ணா,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், நீ ரயில் ஏறுவதற்குள் கிடைக்க வேண்டும்.

என் வழியில் கேட்க வேண்டியிருக்கவில்லை. உன் கடிதத்தை மேஜையில் மறந்து வைத்த மாதிரி வைத்தேன், சரி, அதுதான் என் வழி. திரும்பி வந்தபோது அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இரும்பு வளைவுக்குச் சரி. பச்சைக் கித்தானுக்கும் சரி, "ஒட்டுப் போட்டது தெரியட்டும்" என்றார். வளையம் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமாம், கையுறையோடு விரல் நுழைகிற மாதிரி.

பஸ்ஸில் வருவேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் கோபம். ஸ்டேஷனுக்கு அவர் வருகிறார். இரண்டு சீட்டு வண்டி, ஆகவே நான் வரவில்லை, அம்மாவும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். ரேடியோவில் அன்றைக்குப் போரா வரும் என்கிறார்கள். உன் மொட்டைக்குத் தொப்பி எடுத்து வை.

அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

"அவன்தான் ஓட்டணும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சுரங்கம் வழியா வரச் சொல்லு."

நெரினா